நெருப்புக்கும் மனிதனுக்கும் இடையே

மாணவர் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர் குறிப்புக்கென ஒரு சிறிய கட்டம் உண்டு. தவணைக்கொரு முறை, ஒவ்வொரு பிள்ளைக்கும், அக்கட்டத்துள் அடங்குமாறு இரண்டொரு சொற்களை எழுதுதல் எம்போன்றோரின் கடமைகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் அவ்வாறு எழுதிய இரண்டு சொற்கள், சென்ற ஆவணி விடுமுறையில், மானிப்பாய் வீதியோரத்துக் கராச் ஒன்றில், ஒரு பழைய லொறியின் முன்னால் எம்மை நிறுத்திக் கணக்குக் கேட்டன. அக்கணக்கை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது மோட்டார்ச் சைக்கிளின் பின் கரியர் முறிந்துவிட்டது. அதனை ஒட்டுவித்துக்கொள்ளலாம் என்று சென்றோம். கராச்சின் நடுவே, நான்கு மரக்குற்றிகளின்மேல், சில்லுமில்லாமல் செசியுமில்லாமல் ஒரு லொறியின் தலை மாத்திரம் இருந்தது. கண்ணாடிகளும் கதவுகளும் கழற்றப்பட்டு, கண்ணும் காதும் இழந்த ஒரு முகம்போல அது வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உள்ளேயிருந்து எழுந்துவந்த இளைஞன், கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “சேர், என்னைத் தெரியுதோ?” என்றான்.

முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. பத்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து, க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்திலும் எமது பாடமான தமிழிலும் தவறி, பின்னர் பாடசாலைப் பக்கமே வராதொழிந்தவன். இப்பொழுது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

லொறி பெட்போர்ட் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் லூட்டன், டன்ஸ்டபிள் ஆகிய நகர்களின் தொழிலாளர் செய்து அனுப்பிய பெட்போர்ட் லொறிகளை அறியாத மூத்தோர் எமது நாட்டில் இரார். 1958இல் வெளிவரத் தொடங்கிய மூக்கு நீண்ட வகையில் ஒன்று இது. அறுபதுகளில் கப்பலேறி வந்தது. அதன் சொந்தக்காரர் எண்பதை அண்மிய முதியவர். கிளீனராகத் தொடங்கிச் சாரதியாக உயர்ந்தவர். கனடாவிலிருக்கும் மகன், தகப்பனின் லொறியைக் கடையில் வாங்கிய நாளில் இருந்தவாறே ஆக்கித் தரவேண்டுமென்று பணம் அனுப்பியிருந்தார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பயனாக, பழைய வாகனங்களைப் புதுப்பிக்கும் வேலை இடையிலுள்ள ஆண்டுகளில் கராச்சுகளுக்கு நிறையக் கிடைத்தது. அவ்வேலையிலேயே எமது பழைய மாணவன் கைதேர்ந்திருந்தான்.

கரியர் ஒட்டி முடிந்த பின்னரும் நாம் வீடு திரும்பவில்லை. விடுமுறை நாட்களில் ஏறக்குறைய தினந்தோறும் அங்கு சென்றோம். முதலில் வேடிக்கை பார்த்தோம், பிறகு கற்றுக்கொண்டோம்.

வெட்டும் வேலை தொடங்குமுன்னரே கபினின் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டியிருந்தான். எதற்காக என்று வினவினோம். கறள் தின்ற தூண்களின் அடியையும் தரையையும் வெட்டியெடுத்தால், எஞ்சிய தகடு தன் நிறை தாங்காது சிறிது சரிந்துவிடுமாம். சரிந்த நிலையிலேயே புதிய தகட்டை ஒட்டிவிட்டால் அந்தப் பிழை நிரந்தரமாகிவிடும். கதவு ஒருபோதும் பொருந்தாது. எனவே இடப்பக்கத் தூணின் அடியிலிருந்து வலப்பக்கத் தூணின் முடிவரையும், வலப்பக்கத்து அடியிலிருந்து இடப்பக்கத்து முடிவரையும் அளந்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று நாளுக்கு இருமுறை பார்ப்பான்.

“இரண்டு மூலைவிட்டமும் ஒண்டாய் வரவேணும் சேர். மூண்டு மில்லிமீற்றர் பிழைச்சாலும் கதவு பூட்டாது.”

மூலைவிட்டம் என்ற சொல்லை எங்கே கற்றான்? எமது பாடசாலையிலேதான். ஆனால் அச்சொல்லுக்கு ஒரு வேலை உண்டு என்பதை அவனுக்கு நாம் யாரும் காட்டவில்லை.

கறளைக் கண்டுபிடிக்கும் முறையும் எமக்குப் புதிது. கண்ணை நம்புவதில்லை, சிறிய சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பான். “நல்ல தகடு மணி மாதிரிக் கேக்கும். கறள் பிடிச்சது அழுகல் தேங்காய் மாதிரி.” வெளியே வர்ணம் பளபளக்கும் இடத்தில் உள்ளே தகடு கடுதாசியாய் மெலிந்திருந்தது. நீர் தங்குமிடமே கறளின் பிறப்பிடம். முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், மிதிபலகையை அடுத்த தூணடி, இறப்பர் விரிப்பின் கீழுள்ள தரை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு படிந்திருக்கும் பொருத்து: இவ்விடங்களில் மழைநீரும் உப்புக்காற்றும் சேர்ந்து வருடக்கணக்காக மௌனமாய் வேலை செய்திருந்தன. மேலே வர்ணம் பூசிப் பூசி மறைத்தவை யாவும் உள்ளே வளர்ந்துகொண்டேயிருந்தன. சமுதாயத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று நாம் இதைக் கூறவில்லை. ஆயினும் வாசகர் அப்படி எண்ணினால் மறுக்கப்போவதுமில்லை.

வர்ணத்தை உரிக்க உரிக்கச் சரித்திரம் வெளிவந்தது. மேலே நீலம், அதன் கீழ் சாம்பல், அதற்கும் கீழ், ஆதியில் பூசிய பச்சை. முதியவர் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு காலத்தைச் சொன்னார். பச்சை, வெங்காயக் காலத்து வர்ணம். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய வருடங்களில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் கொழும்புச் சந்தையில் நல்ல விலைபோயின. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் இரவிரவாக ஓட்டிச்சென்று, விடியுமுன் புறக்கோட்டையில் மூட்டைகளை இறக்குவாராம். முதலாளி மாடி வீடு கட்டினார். சாரதிக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, வெளிநாட்டுப் பண்டங்கள் வந்து குவிந்தபோது அந்த விலையும் போயிற்று. 1983இன் பின்னர் முதலாளி குடும்பத்தோடு நாட்டைவிட்டுச் சென்றபோது, மனைவியின் நகைகளை ஈடுவைத்து லொறியை இவர் வாங்கினார். சாம்பல் வர்ணம் அவர் சொந்தக்காரரான ஆண்டின் வர்ணம்.

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். எஞ்சினுக்கும் சாரதியின் இருக்கைக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் நிற்கின்றது. கணினிப் பாடத்தில் எமது மாணவர் மனனஞ்செய்யும் ‘ஃபயர்வோல்’ என்ற சொல்லே இதற்கும் ஆங்கிலப் பெயர். கணினிக்கு அச்சொல் பின்னர்தான் கடன் போயிற்று. கராச்சில் எல்லோரும் ‘பாஸ்’ என்றழைக்கும் மூத்த தொழிலாளி இதனைச் சுவர் என்று மாத்திரம் சொன்னார். எஞ்சினின் வெப்பம், புகை, எண்ணெய், தீப்பற்றினால் அந்தத் தீ, இவை யாவற்றையும் மனிதனிடமிருந்து தடுத்து நிற்பது இதன் வேலை. மிதிகட்டைகளின் தண்டுகளுக்கும், திசைதிருப்பும் தண்டுக்கும், மின்கம்பிகளுக்கும் என்று சில துவாரங்கள் இதிலே உண்டு. ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு காரணம் உண்டு; ஒவ்வொன்றும் இறப்பரால் இறுக்கமாய் அடைக்கப்பட்டிருக்கும்.

இந்தச் சுவரிலே காரணந்தெரியாத ஒரு துவாரத்தை அவன் கண்டான். இடது மேற்புறத்தில், பெருவிரல் நுழையும் அளவு. தொழிற்சாலையில் துளைத்ததன்று, விளிம்பு ஒழுங்கீனமாய் இருந்தது. பழைய இறப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாய் வெட்டிய ஒரு வளையம் அதனுள்ளே செருகப்பட்டிருந்தது. அதைச் சூழ, சுவரின் பாதியளவுக்கு, தார்ப் பீப்பாவின் தகட்டை வெட்டி, இடையே தாரில் நனைத்த சாக்குத் துணியை வைத்து, ஆணியடித்து இறுக்கிய ஒட்டுகள்.

பாஸ் அவற்றைப் பார்த்ததும் சிரித்தார். “தொண்ணூறுக்குப் பிறகு அடிச்சது” என்றார். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை. தகடு ஒட்டுவதற்கு வாயுவும் அரிது. கையால் துளைத்து ஆணியடிப்பதைத்தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்நாட்களில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலோ துளி துளியாய் எண்ணப்பட்ட பொருள். ஒவ்வொரு முறையும் இறங்கி மூடியைத் திறந்து ஊற்றாதிருக்க, முதியவர் கபினின் உள்ளே ஒரு சேலைன் போத்தலில் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் குழாயை இந்தத் துவாரத்தினூடாகக் காபரேற்றருக்குச் செலுத்தியிருந்தார்.

அதாவது, நெருப்பைத் தடுக்கவென்று நின்ற சுவரைத் துளைத்து, நெருப்பின் உணவைத் தம் தலைக்கு மேலே தாமே தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதர் ஐந்தாறு வருடம் லொறி ஓட்டியிருக்கிறார்.

நாம் பரவசப்பட்டோம். இதனை மூடக்கூடாது என்று வாதாடினோம். ஒட்டுகளையும் அப்படியே விடவேண்டும். மகன் கேட்பதுபோலப் புதுமெருகு ஏற்றினால் ஒரு மக்கள் கூட்டத்தின் சீவியம் துடைத்தழிக்கப்படும் என்றோம். தமிழ் படித்தவர் ஆதலால் ஓர் உதாரணமும் கூறினோம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றியவர். அவரைப் போன்றோர் சிதைந்த ஏடுகளோடு பட்ட பாடு எத்தகையது! நல்ல பதிப்பாசிரியன் செல்லரித்த இடத்தில் தன் சொந்தச் சொல்லை இட்டு நிரப்பமாட்டான். புள்ளிகளை இட்டு இடத்தை வெறுமையாய் விடுவான். நீயும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்றோம்.

அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

“ஏட்டிலை ஓட்டை இருந்தா வாசிக்கிறவருக்குத்தான் சேர் கரைச்சல். இதிலை ஓட்டை இருந்தா ஓடுறவருக்குக் கால் வேகும்.”

எமக்கு மறுமொழி இருக்கவில்லை. எனினும் விடவில்லை. லொறிக்காரரைக் கேட்டு முடிவுசெய்யலாம் என்றோம். அவர் எமது பக்கம் நிற்பார் என்பதில் எமக்கு ஐயமே இருக்கவில்லை.

மறுநாள் முதியவர் வந்தார். துவாரத்தினுள் விரலை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிக் கூறத் தொடங்கினார்.

அன்று வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பக்கம் போகும் வழியெங்கும் மனிதர். நடைவேகத்தில்கூட வாகனம் நகர முடியாத நெருக்கம். லொறியின் பின்புறத்தில் அயலார் ஐம்பதுக்கு மேற்பட்டோர். முன்னால், அவருக்குப் பக்கத்தில், நடக்கமாட்டாத தாயாரும் இரண்டு குழந்தைகளும். நின்று நின்று போனதால் எஞ்சின் அடிக்கடி அணைந்தது. அணையும்போதெல்லாம் பெற்றோல் விட்டே கிளப்பவேண்டும்.

“பின்னாலை ஆரோ அரிக்கன் லாம்பு கொளுத்தி வைச்சிருக்கினம். முன்னாலை என்ரை தலைக்கு மேலை போத்தல் ஆடுது. பக்கத்திலை பிள்ளையள். பாலம் தாண்டுமட்டும் செல்லைவிட எனக்கு அந்தப் போத்தல்தான் பயம், மாஸ்ரர்.” சிறிது நிறுத்தி, அவனைப் பார்த்துச் சொன்னார்: “மூடி விடு தம்பி. அது எனக்குப் பெருமையில்லை.”

அந்த இரவில் எமக்கு ஏழு வயது. அன்னையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதே வீதியில் நடந்தோம். எம்மை உரசிக்கொண்டு நகர்ந்த லொறிகளில் இருந்தோரைக் கண்டு, அவர்கள் பாக்கியவான்கள் என்று எண்ணி அழுதது நினைவிருக்கிறது. அந்தப் பாக்கியத்தின் உள்ளே என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அறிய எமக்கு முப்பது வருடம் பிடித்தது.

துன்பத்தை அனுபவித்தவன் அதற்கு மாற்றுத் தேடுகிறான். அதனைத் தூரத்தில் நின்று படித்தவனோ அதற்கு அழகு தேடுகிறான். நாம் அன்று அந்த இரண்டாவது கூட்டத்தில் நின்றோம். நாமும் அதே வீதியில் நடந்தவர்தாம் என்பது எமது பிழையைக் குறைக்கவில்லை. மக்கள் பட்ட பாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிற எழுத்தாளரும் ஆசிரியரும், அந்தப் பாடு மீண்டும் வராதிருக்கச் செய்யவேண்டிய வேலையை மறந்துவிடுதல் எத்துணை எளிது!

வேலை தொடங்கிற்று. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலரத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்த்தார்கள். சுவரின் உட்பக்கத்து வெப்பத் தடுப்பில் கல்நார் கலந்திருக்கலாம் என்று அஞ்சி, அதனையும் நனைத்து, முகத்தைக் கவசத்தால் மூடிக்கொண்டு அகற்றினார்கள். பாஸின் குரு இவற்றை வெறுங்கையால் சுரண்டியவராம்; இருமி இருமி இறந்தாராம். அந்த இருமலைப் பற்றி எந்தப் பாடநூலும் எமக்குக் கூறியதில்லை.

பீப்பாத் தகடுகள் கழன்றன. கறள் முடிந்து நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டினான். கடுதாசி மட்டையை அந்த வெளியில் வைத்து அளவு வரைந்து, அதன்படி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள புதிய தகட்டை வெட்டி, மடித்து, தட்டி, அரைவட்டக் குழிவுகளைக்கூடப் பழையபடி எழுப்பினான். பழைய தகட்டின்மேல் புதியதைப் படியவைத்து ஒட்டுவது இலகு. ஆனால் படிந்த இடத்தில் மீண்டும் நீர் தங்கும். மீண்டும் கறள் பிறக்கும். ஆகவே விளிம்போடு விளிம்பாக, மயிரிழை இடைவெளிவிட்டுப் பொருத்தினான்.

பின்னர் ஒட்டத் தொடங்கினான். ஒரே ஓட்டமாய் ஒட்டினால் வெப்பத்தால் தகடு நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எதிர் மூலையில், பிறகு நடுவில். ஒவ்வொன்றுக்கும் பின் புறங்கையைத் தகட்டின் அருகே பிடித்து, சூடு தணியும்வரை காத்திருப்பான். வீதியில் பஸ் போயிற்று, யாரோ கூப்பிட்டார்கள், தேநீர் வந்து ஆறிற்று. அவன் திரும்பவில்லை. அந்தச் சுவரின் அரைப் பங்கை ஒட்டி முடிக்க இரண்டு நாட்கள் சென்றன.

அப்பொழுதுதான் அந்த இரண்டு சொற்கள் எமது நெஞ்சில் எழுந்தன. அவனது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையின் கட்டத்துள், மூன்று தவணையும், நாம் எழுதியவை: “கவனம் போதாது.”

அவனிடம் அதைச் சொன்னோம். அவனுக்கு அது நினைவிருந்தது.

“சேர் எழுதினது சரிதான். அப்ப எனக்குப் பாடத்திலை கவனம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டா நேரை இஞ்சைதான். பத்து மணியாகும் வீட்டை போக. வகுப்பிலை நித்திரைதான் வரும்.”

தந்தை இல்லாத வீடு. தாய் தோட்டக் கூலிக்குப் போனவள். இவற்றை அன்றே ஒரு கேள்வியில் அறிந்திருக்கலாம். நாம் கேட்கவில்லை. அவனிடத்துக் கவனம் போதாமலிருக்கவில்லை. அவனைப் பற்றிய எமது கவனமே போதாமலிருந்தது. கற்றோர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலிக்காரி மகனுக்கும் ஒரே அளவான கட்டத்தைக் கொடுத்துவிட்டு, அதையே நீதி என்று நாம் நம்பியிருந்தோம். எழுதும் கையை உயர்வென்றும் இரும்பைப் பிடிக்கும் கையைத் தாழ்வென்றும் எண்ணுகிற பழைய கறள் எமது கல்வியின் பொருத்துகளில் இன்னும் இருக்கின்றது. மேலே எத்தனை சீர்திருத்தங்களைப் பூசினாலும் தட்டிப் பார்த்தால் அழுகல் தேங்காயின் ஓசையே கேட்கும்.

கார்த்திகையில் கபின் மீண்டும் செசியில் ஏறிற்று. கதவு ஒரு விரலின் தள்ளலில் பூட்டிக்கொண்டது. வர்ணம் பச்சை. மகன் கேட்டதும் பச்சைதான். முதியவர் விரும்பியதும் பச்சைதான். எஞ்சினைக் கிளப்பி, கே.கே.எஸ். வீதியால் மருதனார்மடம்வரை ஓட்டிச்சென்று திரும்பினார். இறங்கியவரை என்ன சொல்லப்போகிறார் என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“காலுக்குச் சூடு வரேல்லை” என்றார். அவ்வளவுதான்.

வெட்டியெடுத்த பழைய தகட்டின் ஒரு துண்டை, அந்தத் துவாரமும் செருப்பு வளையமும் இருந்த துண்டை, எமக்கென்று எடுத்து வைத்திருந்தான். “வகுப்பிலை காட்டுங்கோ சேர்” என்றான். அது இப்பொழுது எமது மேசையில் இருக்கின்றது. நினைவுக்கு உரிய இடம் மேசை. சாரதியின் காலடி அன்று என்பதை அந்த இளைஞன் எம்மிலும் நன்றாக அறிந்திருந்தான்.

தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு, வகுப்பில் கற்காது வேலையில் கற்றவரும் தம் திறமையைக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவனுக்கோ பாஸுக்கோ அதைப்பற்றி எவரும் கூறியிருக்கவில்லை. படிவத்தை நாமே கொண்டுபோய் இருவரும் சேர்ந்து நிரப்பினோம். இணைப்பதற்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருமாறு கேட்டான். ஒரு முழுப் பக்கம் எழுதினோம். முதல் வசனம் வருமாறு: “இவரது கவனத்தை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம்.”